உளுந்தைச் சேர்த்த பிறகு

ரங்கூனில் பபேடான் பகுதியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் வகுப்பு ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே பிளாஸ்டிக் சாமான் கடை, நடுவில் ஒரு தையல்காரர், மேலே நாங்கள். எங்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். வகுப்பை நடத்தியவர் உடனே பால்கனிக்குப் போய்க் குனிந்து பார்த்து, "யாரு?" என்பார். பதில் வந்ததும், "கூட யாரு?" என்பார். தனியாக வந்து நிற்பவரிடமும் அதைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் வாசல் சாவி கயிற்றில் கீழே இறங்கும்.

அவரை எல்லாரும் நானா என்றே கூப்பிடுவோம். தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பம். சந்தேகம் அவருக்குப் பசி மாதிரி, வேளாவேளைக்கு வரும். பால் கொண்டுவருகிறவர் முதல் பிரிண்டருக்கு மை விற்க வருகிறவர் வரை யாரும் அதிலிருந்து தப்பியதில்லை. ஆனால் நல்ல மனிதர். நான் மழையில் நனைந்து போய் நின்றால் முதலில் துண்டை எடுத்துக் கொடுப்பார். அப்புறம்தான் ஏன் இவ்வளவு நேரம் என்று விசாரிப்பார்.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தாகேதாவிலிருந்து பஸ் பிடித்து, ஓடைப் பாலம் தாண்டி டவுனுக்கு வருவேன். டைப்பிங்கும், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவதும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. படிக்க வருகிறவர்கள் என்னைச் சயாமா என்பார்கள். பர்மிய மொழியில் டீச்சரம்மா. என்னோடு இன்னொருவர் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வாரே தவிர வாய் திறந்தால் பர்மிதான் வரும். நான் அவரை அகோ, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். அவர் பர்மியில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் அதில் ஒரு தொந்தரவும் இல்லை.

வகுப்பில் நாங்கள் ஆடவைத்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உண்டாக்கியவர் அவர்தான். கணக்கு வகுப்பில் பற்று வரவு என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டு, சும்மா இருந்த நேரத்தில் ஒரு வியாபார கேம் எழுதினார். விளையாடுகிற ஒவ்வொரு குழுவும் ஒரு வியாபாரி. திரையில் நம் ஊர்கள் சில இருக்கும். அரிசி, உப்பு, கடலை எண்ணெய், வெங்காயம், கருவாடு ஆகிய ஐந்தும்தான் சரக்கு. ஓரிடத்தில் வாங்கி, லாரியிலோ படகிலோ ஏற்றி, இன்னோரிடத்தில் விற்கலாம். எல்லாரும் வாங்கினால் விலை ஏறும், எல்லாரும் விற்றால் இறங்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கேம் அந்த நிலையைச் சேமித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். ரங்கூனில் அது இல்லாமல் எந்த விளையாட்டும் நடக்காது.

முதல் வகுப்புக்கு அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. அடுத்து வந்த வகுப்பு சீக்கிரமே குட்டை உடைத்துவிட்டது. வெங்காயத்தை எங்கே வாங்கி எங்கே விற்றால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாரும் வெங்காய வியாபாரி ஆனதும் கேம் செத்துப்போயிற்று.

"புதுசா ஒரு சரக்கு போடுங்க" என்றார் நானா.

தங்கம் போடலாம் என்றேன் நான். நானா பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்க வெலைய எழுதிப் போட்டு ஒக்காந்தா நாளைக்கு யாரு படியேறி வருவான்னு தெரியுமா?" பெட்ரோல் என்றார் அகோ. ராணுவ அரசு ரேஷனில் அளந்து கொடுக்கிற சரக்கு அது; நானா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் உளுந்து என்று முடிவானது. எங்கள் தெருவைச் சுற்றிப் பாதிப் பேருக்குப் பிழைப்பே அதுதான். மட்பே என்று பர்மிக்காரர்கள் சொல்வார்கள். இங்கே விளைகிறதே தவிர இங்கே சாப்பிடுகிறவர்கள் இட்லி தோசைக்காரர்களான நாங்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் மூட்டையாகக் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விடும். அதனால் விலையை இங்கே யாரும் தீர்மானிப்பதில்லை. அங்கிருந்து ஒரு சேதி வரும், ஏறும். இன்னொரு சேதி வரும், விழும்.

அகோவுக்கு அது பிடிக்கவில்லை. "வாங்குறவன் யாருன்னே தெரியாத சரக்கு. வெலை ஏன் ஏறுதுன்னு பசங்க கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். நான் எழுதுகிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "யாபாடே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அவர் முகத்தில் அந்தப் பரவாயில்லை இல்லை.

ஒரு சரக்கைச் சேர்ப்பது என்றால் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கிய பிறகுதான் கேள்விகள் வந்தன. மூட்டை எவ்வளவு கனம்? லாரியில் எத்தனை ஏறும்? எவ்வளவு காலம் வண்டு விழாமல் இருக்கும்? மழைக்காலத்தில் எடுத்துப்போனால் என்ன ஆகும்? ரங்கூனுக்கு வெளியே மாவ்பியில் என் சித்தி வீடு இருந்தது. அங்கே போனபோது சந்தையில் பயறு விற்கிற ஒரு பர்மிய அம்மாவிடம் இதையெல்லாம் விசாரித்தேன். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னவர், மூன்றாவதில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்தக் கடை ஆளு? யாரு அனுப்பினது?" என்றார். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு என்று சொன்னேன். அவர் சாக்கின் வாயைச் சுருட்டி மூடிவிட்டார். வாங்காமல் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறவளை நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

விலைக்கு நான் வைத்த ஏற்பாடு சுலபமானது. ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்யூட்டர் தானாக ஒரு எண்ணை எடுக்கும், சீட்டுக் குலுக்குகிற மாதிரி. அதைப் பொறுத்து உளுந்து ஏறும் அல்லது இறங்கும். விளையாடுகிறவர்கள் எவ்வளவு வாங்கினாலும் விற்றாலும் அதை அசைக்க முடியாது. கறுப்பாக ஒரு சின்ன மூட்டைப் படமும் வரைந்து வைத்தேன். அகோ அதை ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, தப்பு எதுவும் இல்லை என்றார்.

நானாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வகுப்பு முடிகிற வரைக்கும் போட்டியாக நடத்தலாம், ஜெயிக்கிற குழுவுக்கு அடுத்த வகுப்பு இலவசம் என்று அறிவித்தார். உளுந்து விலையைக் கொட்டை எழுத்தில் வெள்ளைப் பலகையில் எழுதவும் வைத்தார்.

அந்த வகுப்பில் ஒரு அக்கா சேர்ந்திருந்தார். நாற்பது வயது தாண்டியவர். பக்கத்துத் தெருவில் பயறு வியாபாரம் செய்கிற குடும்பம். புருஷனுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபடியால், கணக்கு பழகலாம் என்று வந்ததாகச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் இருபதை ஒட்டிய பிள்ளைகள், கூடிக் கூடிக் குழு சேர்ந்துகொண்டார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. "பரவால்ல சயாமா, நான் தனியா ஆடிக்கிறேன்" என்று ஓரத்து மேசையில் உட்கார்ந்தார்.

உளுந்தைத் தவிர வேறெதையும் அவர் தொடவே இல்லை. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. உளுந்து ஏறுவதற்கு முன்னால் அக்கா வாங்கியிருப்பார். சடாரென்று விழுவதற்கு முந்தின சுற்றில் எல்லா மூட்டையையும் விற்றுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தரம் என்றால் அதிர்ஷ்டம் என்று விடலாம். அது திரும்பத் திரும்ப நடந்தது. தோற்கிற நாட்களும் உண்டு, ஆனால் பெரிய வீழ்ச்சி எதிலும் அவர் மாட்டவில்லை.

எனக்கே அது உறுத்த ஆரம்பித்தது. அடுத்த எண் என்னவென்று எழுதிய எனக்கே தெரியாது. இவருக்கு எப்படித் தெரிகிறது?

பிள்ளைகளுக்கு அந்த உறுத்தல் எனக்கு முன்பே வந்திருந்தது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். ஒரு பெண் மட்டும் துணிந்து பர்மியில் கேட்டாள், "சயாமா, உளுந்து நீங்க போட்டதுதானே?" ஆமாம் என்றேன். "நீங்களும் அந்த அக்காவும் ஒரே ஜாதியா?" என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் என்ன என்பது போல என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நானா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பள ஒனக்கு மட்டும் ஏன் சாப்பாடு கொண்டாருது?"

அக்கா சில நாள் வடையோ சுண்டலோ கொண்டுவந்து கொடுப்பது உண்மைதான். "எல்லாருக்கும்தான் குடுக்குறாங்க நானா. போன வாரம் நீங்களும் சாப்பிட்டீங்க."

"நான் சாப்பிட்டது வேற. நீ கேம் எழுதுன ஆளு."

"அப்ப என்ன சொல்றீங்க? வடைக்கு வெலைய வித்துட்டேங்குறீங்களா?"

"நான் ஒண்ணுமே சொல்லல புள்ள. கேக்குறேன், அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து வகுப்பு நேரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் வெள்ளைப் பலகை வேறொரு வம்பை இழுத்துவந்தது. எதிர்க் கட்டிடத்துப் பால்கனியிலிருந்து பார்த்தால் பலகை நன்றாகத் தெரியும். இங்கே தினமும் உளுந்து விலை எழுதுகிறார்கள் என்று யாரோ டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார்கள். நானாவின் காதுக்கு அது வந்ததும் பயந்துபோனார். வார்டு ஆபீசில் யாராவது கேள்விப்பட்டால் சூதாட்டம் என்பார்களா, திருட்டு வியாபாரம் என்பார்களா தெரியாது. ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கி மாட்டினார். வெயில் காலத்தில் அந்த அறை அடுப்பாகிவிட்டது.

திரை போட்ட வாரத்திலேயே ஒரு தரகர் மணிக்கயிற்றை இழுத்தார். மேலே வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மட்பே வெலை இங்க முன்கூட்டியே வருதாமே. மெட்ராஸ்லேர்ந்து ஒங்களுக்கு யாரு போன் பண்றது?" என்று கேட்டார்.

"அது வெளையாட்டுங்க. பிள்ளைங்க படிக்கிறதுக்கு" என்றார் நானா.

"வெளையாட்டுக்கு எதுக்குத் திரை?"

நானா திரையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். வந்தவர் அறை முழுவதையும் நிதானமாகப் பார்த்தார். ஓரத்து மேசையில் இருந்த அக்காவைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. "ஓ, இவுங்க வீட்டு ஆளு இங்க இருக்காங்களா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை, ஆனால் கழுத்து சிவந்துபோயிருந்தது.

அன்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி நான் அகோவைப் பற்றி யோசித்தேன். உண்மையில் அதற்குச் சில நாள் முன்பே யோசிக்க ஆரம்பித்திருந்தேன். உளுந்து வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர். கேமின் உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். சமீப காலமாக எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். நான் நுழைந்தால் கம்ப்யூட்டர் திரையைச் சட்டென்று மாற்றுகிறார். ஒரு தரம் படிக்கட்டுத் திருப்பத்தில் அவரும் அக்காவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் இருவரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நானாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவரைப் பிடிப்பதற்கு ஒரு வழி செய்தேன். உளுந்து விலை எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்ற அளவை இரண்டு பங்காக்கினேன். கேமைத் திறக்கிற ரகசியச் சொல்லையும் மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. இனி அகோ உள்ளே போக முடியாது. அக்காவுக்குச் சேதி போவது அவர் வழியாக என்றால் அக்கா இன்று தடுமாறியாக வேண்டும்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. கீழே நடைபாதையில் கடைக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த ஜெனரேட்டரை இழுத்து இழுத்துக் கிளப்பினார்கள். விளக்கு வந்து, கம்ப்யூட்டர்கள் உயிர்பெற்று, கேம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. அக்கா தயங்காமல் உளுந்து வாங்கினார். ஏறியது. வைத்திருந்தார். மறுபடி ஏறியது. எல்லாவற்றையும் விற்றார். அடுத்த சுற்றில் உளுந்து தரைக்கு விழுந்தது, முன்னைவிட இரண்டு பங்கு வேகத்தில். அவருக்குக் கிடைத்த லாபமும் அதே மாதிரி பெருத்திருந்தது.

பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். மாற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் சந்தேகப்படுவதற்கு மிச்சம் இருக்கிற ஆள் நான்தான். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நானாவும் அதே கணக்கைப் போட்டுவிட்டார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

வகுப்பு கலைந்ததும் அக்காவுக்குப் பின்னாலேயே இறங்கி ஓடினேன். தெருமுனையில் சமூசா விற்கிற தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"அக்கா, ஒரு வார்த்தை. கோவிச்சுக்காதீங்க. உளுந்து வுழப்போறது ஒங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன சயாமா, நீங்க வச்சதுதானே?"

"நான் என்ன வச்சேன்?"

"கரண்ட் போய் வந்தா மொதல்ல ரெண்டு வாட்டி ஏறும். அப்புறம் தடால்னு வுழும். அதுக்கப்புறம் கொஞ்சம் ஏறும். வகுப்பு தொடங்குறப்ப கம்ப்யூட்டர தொறந்தாலும் அதே மாதிரிதான். அதத் தாண்டிப் போனா எனக்கும் தெரியாது. அப்ப நான் வாங்க மாட்டேன்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "எங்க வீட்ல பாத்ததுதான். கரண்ட் இல்லேன்னா போன் லைனும் பாதி நேரம் இருக்காது. வெளியூர் வெலை தெரியாது. லைன் வந்ததும் ஆளாளுக்கு வாங்க ஓடுவான், வெலை ஏறும். அப்புறம் அங்க உள்ள நெசமான வெலை தெரியவரும், வுழுந்துடும். அதத்தான் நீங்க கேம்ல அழகா வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன், அந்தப் புள்ளக்கி வியாபாரம் தெரியும்னு."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றார். முகம் மெல்ல மாறியது. "நான் திருடுறேன்னு நெனச்சீங்களா எல்லாரும்?"

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் மூன்று மாடியையும் மூச்சுவாங்க ஏறி அகோவிடம் சொன்னேன். அவர் எழுந்து மெயின் சுவிட்சை அணைத்தார். நானா பதறினார். "இருங்க நானா" என்றார் அகோ, அபூர்வமாகத் தமிழில். மறுபடி போட்டு, கேமைத் திறந்து, சுற்றுகளைத் தள்ளினார். ஏறியது, ஏறியது, விழுந்தது. மீண்டும் அணைத்துப் போட்டார். ஏறியது, ஏறியது, விழுந்தது.

அவர் விளக்கினார். கம்ப்யூட்டருக்கு நிஜமாகச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. கலைத்து வைத்த ஒரே நீளமான வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து வேறு வேறு இடத்திலிருந்து எடு என்று அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் புதிதாகத் திறக்கும் போதெல்லாம் முதல் எண்ணிலிருந்தே ஆரம்பிக்கும். பழைய சரக்குகளின் விலை விளையாடுகிறவர்கள் வாங்குவதையும் விற்பதையும் வைத்து நகர்ந்ததால், அந்த வரி இதுவரை தேவைப்படவே இல்லை. கேமிலேயே எண்ணைக் குலுக்கி விலை வைத்த முதல் சரக்கு உளுந்துதான். இதுவே கரண்ட் ஒழுங்காக இருக்கிற ஊரில் வருஷக் கணக்கில் விளையாடியிருந்தாலும் அவ்வளவு லேசில் யார் கண்ணிலும் பட்டிருக்காது என்றார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது போல இருந்தது. நானாவுக்கு இறங்கவில்லை. "மெஷின் தானா ஒரே மாதிரி செய்யுமா? எழுதுனவன் அப்படி எழுதினாத்தானே செய்யும்?" என்றார். இல்லை நானா, எழுதாமல் விட்டதால்தான் என்றோம். எழுதாமல் விட்டது யார் என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தப் பார்வையையும் அவர் கவனித்துக்கொண்டார்.

மறுநாள் பிள்ளைகளுக்கு இதையே செய்து காட்டினோம். பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அக்காவுக்கு மட்டும் இது முதலிலேயே சொல்லப்பட்டது என்று மிச்சப் பேர் கடைசிவரை சாதித்தார்கள். நானா போட்டியை ரத்து செய்துவிட்டார். அக்கா அன்று வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஓரத்து மேசையில் பிள்ளைகள் பைகளை வைக்க ஆரம்பித்தார்கள்.

அகோ அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தார். அவர் எழுதுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடித்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார், "ரகசியச் சொல்ல மாத்தினது என்னை நெனச்சுத்தானே?"

"ஆமா."

"நான் உன்னை நெனச்சேன். அந்த அக்காகிட்டக்கூடக் கேட்டுப் பாத்தேன், படிக்கட்டுல வச்சு. சயாமா ஏதாச்சும் சொன்னாங்களான்னு. அவங்களுக்கு என்ன கேக்குறேன்னே புரியல."

இரண்டு பேரும் சிரித்தோம். அது நல்ல சிரிப்பாக வரவில்லை. அதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சீக்கிரம் வருகிற காரணத்தையும் சொன்னார். சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நானாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆள் தேடுவார், வேலையும் கிடைக்காமல் இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். நான் உள்ளே வரும்போது அவர் மூடி மூடி மறைத்தது அதைத்தான். "ஒன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா நீ சொல்லிடுவியோன்னு இருந்துச்சு" என்றார். சொல்லியிருக்க மாட்டேன் என்றேன். இப்போது யோசித்தால் அதை அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நானா கொஞ்சம் அழுத்திக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

மழைக்கு முன்னால் அவர் போய்விட்டார். வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு நானாவும் வந்தார். கட்டிப் பிடித்து ஓதி ஊதிவிட்டு, "கூட யாரு போறா?" என்று கேட்டார். தனியாகத்தான் என்றார் அகோ. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேம் அதற்குப் பிறகும் ஓடியது. ஆனால் உளுந்து சரியானதும் அதை வாங்குவதற்கு ஆள் இல்லை. ஏறுமா விழுமா என்று யாருக்குமே தெரியாத சரக்கைத் தொட எந்தக் குழுவும் துணியவில்லை. திரையின் மூலையில் கறுப்பு மூட்டை சும்மா கிடந்தது.

ஒரு மழை நாள் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் கதவைத் திறந்தவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். உள்ளறையில் புருஷன் படுத்திருப்பது திரைச்சீலை வழியாகத் தெரிந்தது. ஒரு பக்கத்து வாய் கோணியிருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"வகுப்புக்கு வாங்க அக்கா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன்.

"அங்க இனிமே வர மாட்டேன் சயாமா. அந்தப் புரோக்கர் வந்தான்ல, அவன் நேரா எங்க கொழுந்தன்கிட்டப் போயிச் சொல்லிட்டான். நான் எங்கயோ போய் வெலை விசாரிக்கிறேன்னு." அவர் குரலைத் தணித்தார். "இவரு படுத்ததுலேர்ந்து கடை கொழுந்தன் கையில. நல்லவருதான். ஆனா என்ன கேட்டாலும், ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணிங்கிறாரு. புரியுமா புரியாதான்னு நானே பாத்துக்கலாம்னுதான் படிக்க வந்தேன். அங்க வந்தா அங்கயும் அப்படிப் பாக்குறீங்க."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். அவரே கேட்டார், "நீங்க இங்க வந்து சொல்லிக்குடுப்பீங்களா? இவரோட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு."

அந்த மழைக்காலம் முழுக்க, நானாவின் வகுப்பு முடிந்ததும் நான் அங்கே போனேன். நானாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன், இன்னும் ஒரு தரம் ஏன் என்று கேட்டார். அக்கா வேகமாகக் கற்றுக்கொண்டார். தப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு, அழித்து, முதலிலிருந்து செய்வார். கரண்ட் போனால் இருட்டில் உட்கார்ந்து கடை எப்படி நடக்க வேண்டும் என்று பேசுவார். உள்ளறையிலிருந்து புருஷன் குழறலாக ஏதாவது சொல்வார், அக்காவுக்கு மட்டும் அது புரியும், பதில் சொல்வார்.

கொழுந்தன் சில நாள் வருவார். மரியாதையானவர். "சயாமா நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் திறந்து வைத்திருக்கும் திரையை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். யார் இவள், எதற்காக வருகிறாள், அண்ணியிடம் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று அந்தப் பார்வை கேட்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு பாடத்தைத் தொடர்வேன். கோபம் வந்ததில்லை.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தெரு வழியாக நடந்து வந்தேன். பயறுக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் பக்கத்தில் நின்று லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள். தலையை மட்டும் லேசாக அசைத்துவிட்டு, கொழுந்தன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் பதில் சொன்னார்.